சராசரி மறைத்த வேறுபாடு: கிளியோபிளாஸ்டோமா ஆய்வின் போக்கு

மூளைக்கட்டிகளில் மிகக் கொடியதான கிளியோபிளாஸ்டோமா ஒரே வகைச் செல்களால் ஆனதன்று என்பது நுண்ணோக்கிக் காலத்திலேயே தெரிந்திருந்தது. 1926இல் பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும் கிளியோபிளாஸ்டோமாவை உள்ளடக்கிய கிளையோமாக்களை வகைப்படுத்தியபோது, கட்டியின் செல்களை வளரும் மூளையின் செல்களோடு ஒப்பிட்டே பெயர் சூட்டினர். மரபணு வெளிப்பாட்டை அளக்கும் கருவிகள் வந்ததும், கட்டிக்குள் தேட வேண்டிய வேறுபாட்டை ஆய்வாளர்கள் நோயாளிக்கும் நோயாளிக்கும் இடையே தேடத் தொடங்கினர். இந்தத் திருப்பம் நோயின் இயல்பால் அன்றி அளவுகருவியின் எல்லையால் நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அன்றைய முறையில் ஒரு திசுத் துண்டிலுள்ள எல்லாச் செல்களின் ஆர்.என்.ஏ.வையும் ஒன்றாகப் பிரித்தெடுத்தே அளந்தனர். கிடைப்பது சராசரி மட்டுமே. புற்றுநோய் மரபணுத்தொகுதி வரைபடத் திட்டத்தின் தரவுகளைக் கொண்டு 2010இல் வெர்ஹாக் குழுவினர் புரோநியூரல், நியூரல், கிளாசிக்கல், மெசென்கைமல் என நான்கு வகைகளை முன்வைத்தனர். மதிப்புள்ள பணிதான்: கிளாசிக்கல் வகையோடு இ.ஜி.எஃப்.ஆர். மரபணுப் பெருக்கமும், மெசென்கைமல் வகையோடு என்.எஃப்.1 இழப்பும் சேர்ந்து வருவதை அது காட்டியது. ஆனால் ஒரு கட்டிக்கு ஒரு வகை என்ற எண்ணமும் அதனோடு வேரூன்றியது. 2013இல் சோட்டோரிவா குழுவினர் 11 நோயாளிகளின் கட்டிகளில் பல இடங்களிலிருந்து மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, ஒரே கட்டியின் வெவ்வேறு துண்டுகள் வெவ்வேறு வகைகளில் விழுந்தன. நியூரல் வகையோ, மாதிரியில் கலந்த இயல்பான மூளைத் திசுவின் தடம் என்று 2017இல் கைவிடப்பட்டது.

இதற்கிடையே, 2014இல் பாஸ்டனில் பட்டேல் குழுவினர் 5 கட்டிகளிலிருந்து 430 செல்களைத் தனித்தனியே ஆராய்ந்திருந்தனர். ஒவ்வொரு கட்டியிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளின் செல்கள் இருந்தன. இதற்கு எளிதில் ஒதுக்க முடியாத மறுப்புகள் உண்டு. ஒன்று, தனிச்செல் அளவீட்டில் ஆர்.என்.ஏ.வின் பெரும்பகுதி பிடிபடாமல் போகிறது. எனவே காணும் வேறுபாடு கருவியின் இரைச்சலாக இருக்கலாம். இரண்டு, புற்றுச்செல் அல்லாதவையும் கலந்திருக்கலாம். முதல் மறுப்பு ஒற்றை மரபணுவைப் பொறுத்தவரை சரியே. ஆனால் பல மரபணுக்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் ஒழுங்கு, கட்டிக்குக் கட்டி திரும்பத் திரும்பத் தோன்றும்போது அதை இரைச்சல் என்று தள்ள முடியாது. இரண்டாவதற்கு, 7ஆம் குரோமோசோம் கூடி 10ஆம் குரோமோசோம் குறைந்திருக்கும் தடத்தை வெளிப்பாட்டுத் தரவிலிருந்தே கணித்துப் புற்றுச்செல்களைப் பிரித்தறிய முடிகிறது.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு: கட்டிக்குள் வேறு வேறு மரபணுப் பிறழ்வுள்ள கிளைகள் வளர்கின்றன, வெளிப்பாட்டு வேறுபாடு அவற்றின் நிழல்தான் என்பது. 2019இல் நெஃப்டெல் குழுவினரின் ஆய்வு இதைப் பாதி ஏற்கிறது, பாதி மறுக்கிறது. 28 கட்டிகளை ஆராய்ந்த அவர்கள், செல்கள் நான்கு நிலைகளைச் சுற்றித் திரள்வதைக் கண்டனர்: நரம்பு முன்னோடிச் செல், ஒலிகோடென்ட்ரோசைட் முன்னோடிச் செல், ஆஸ்ட்ரோசைட் ஆகியவற்றை ஒத்த மூன்றும் மெசென்கைமல் நிலையும். இ.ஜி.எஃப்.ஆர். பெருக்கம் ஆஸ்ட்ரோசைட் நிலையின் பங்கையும், சி.டி.கே.4 பெருக்கம் நரம்பு முன்னோடி நிலையின் பங்கையும் கூட்டுகின்றன. ஆக, பிறழ்வு நிலைகளின் விகிதத்தைச் சாய்க்கிறது, நிலையை விதிப்பதில்லை. ஒரு நிலையிலுள்ள செல்களை மட்டும் பிரித்து எலிகளில் பொருத்தியபோது, வளர்ந்த கட்டியில் மற்ற நிலைகளும் தோன்றின. கிளைகளே முழுக் காரணம் என்றால் இது நிகழ்ந்திருக்காது. பெய்லியும் குஷிங்கும் வடிவத்தில் கண்ட வளர்ச்சி ஒப்பீடு இங்கே மரபணு வெளிப்பாட்டின் வழியாக மீண்டும் வலுப்பெறுகிறது.

மருத்துவத்தில் இதன் விளைவு சிறியதன்று. இ.ஜி.எஃப்.ஆர்.வி.3 என்ற பிறழ்ந்த புரதத்தைக் குறிவைத்த ரிண்டோபெபிமுட் தடுப்பூசி, 2017இல் வெளியான மூன்றாம் கட்டச் சோதனையில் ஆயுளை நீட்டவில்லை. மீண்டும் வளர்ந்த கட்டிகளில் அந்த இலக்கே பல நோயாளிகளிடம் மறைந்திருந்தது. தடுப்பூசி பெறாத ஒப்பீட்டுக் குழுவிலும் அப்படியே. ஒரே இலக்கை நம்பும் மருந்து, அறுவையின்போது எடுத்த ஒரு துண்டின் சராசரியை முழுக் கட்டியாக எடுத்துக்கொள்கிறது. இனி வரும் சோதனைகள் நோயாளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டியின் வகையைக் கேட்பதோடு நிற்காமல், எந்தெந்த நிலைகள் என்ன விகிதத்தில் உள்ளன, மருந்தின் அழுத்தத்தில் செல்கள் எந்த நிலைக்கு நகர்கின்றன என்பதையும் அளக்க வேண்டும்.