இரு கணக்கேடுகள்

தன்னம்பிக்கை நூல்களை விரும்பி வாங்குகிறோம். பிடித்த வரிகளுக்குக் கீழே கோடிடுகிறோம். ஒரு வாரம் விடியற்காலையில் எழுகிறோம். எட்டாம் நாள் பழைய வழக்கத்திற்கே திரும்பிவிடுகிறோம். இதற்கிடையே நம் உள்ளத்தில் ஒரு தயக்கமும் எழுவதுண்டு. பிறருக்காக வாழ அழைக்கப்பட்ட நாம், நம் உடலையும் மனத்தையும் பேணுவதில் இத்தனை அக்கறை காட்டுவது தன்னலம் ஆகாதா? இவ்வினாவோடு வரலாற்றைப் புரட்டினால் இரண்டு கணக்கேடுகள் நம் கண்ணில் படுகின்றன.

1521ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள், பாம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டு இஞ்ஞாசியாரின் கால் முறிந்தது. லொயோலாவிலிருந்த தம் இல்லத்தில் படுத்திருந்த அவர், பொழுது போக வீரசாகசக் கதைகளைக் கேட்டார். அவ்வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை பற்றியதும் புனிதர்களைப் பற்றியதுமான நூல்களே கிடைத்தன. வேறு வழியின்றிப் படிக்கத் தொடங்கியவர், மனத்தைத் தொட்ட பகுதிகளை ஏறத்தாழ முந்நூறு பக்கங்கள் எழுதி வைத்தார். கிறிஸ்துவின் சொற்களைச் சிவப்பு மையாலும் அன்னை மரியாவின் சொற்களை நீல மையாலும் எழுதினார். படித்ததோடு நில்லாமல், எந்த எண்ணம் தமக்கு நிலையான ஆறுதல் தருகிறது, எது பின்னர் வறட்சியை விட்டுச் செல்கிறது என்றும் கவனித்தார். அவருடைய மனமாற்றம் அக்கவனிப்பில் தொடங்கியது.

ஆனால் 1522இல் மன்றேசாவில் அவர் அளவு மீறினார். கடும் நோன்பு இருந்தார்; முடியையும் நகத்தையும் வெட்டாமல் வளரவிட்டார்; நாள்தோறும் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டு மன்றாடினார். விளைவு கடும் நோய். அதன்பின் வயிற்று வலி அவரை வாழ்நாள் முழுவதும் வாட்டியது.

இந்த அனுபவங்களிலிருந்து உருவாகி, 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலுடன் அச்சேறியது 'ஆன்மப் பயிற்சிகள்'. அதில் எளிய கணக்குமுறை ஒன்று உண்டு. திருத்த விரும்பும் ஒரே ஒரு குறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் அதைப் பற்றி உறுதி எடுக்க வேண்டும். நண்பகல் உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் எத்தனை முறை தவறினோம் என எண்ணி, அந்நாளுக்குரிய இரு கோடுகளில் புள்ளியிட வேண்டும். நேற்றோடு இன்றையும், சென்ற வாரத்தோடு இவ்வாரத்தையும் ஒப்பிட வேண்டும். பொதுவான ஆன்ம சோதனைக்கு அந்நூல் வகுக்கும் முதற்படியோ இறைவனுக்கு நன்றி கூறுவது. குறைகளை எண்ணுமுன் கொடைகளை எண்ணச் சொல்கிறது.

அதே 1548ஆம் ஆண்டு, தம்மை மிகுதியாக ஒறுத்துவந்த காண்டியா கோமகன் பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு இஞ்ஞாசியார் ஒரு மடல் எழுதினார். நோன்புகளைக் குறைக்கும்படியும், ஆன்மாவைப் போல் உடலும் இறைவனுடையதே என்பதால் அதைப் பேணும்படியும் அறிவுறுத்தினார். மன்றேசாவில் தாம் பட்ட பாட்டைப் பிறர் படலாகாது என்று எண்ணியவரின் மடல் அது.

இரண்டாம் கணக்கேடு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்தது. அங்கு அச்சகம் நடத்திவந்த பெஞ்சமின் பிராங்கிளின், இளமையிலேயே பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியலிட்டார். வாரத்தின் ஏழு நாட்களுக்கும் கட்டமிட்டு, தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி வைத்தார். வாரம் ஒரு பண்பு. பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்றுகள். புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் துளைபட்டதால், துடைத்து எழுதக்கூடிய தந்தத் தகடுகளுக்கு மாறினார். ஏட்டின் தொடக்கத்தில் ஒரு செபமும் எழுதி வைத்திருந்தார்.

அவரும் முழு வெற்றி பெறவில்லை. பொருள்களை ஒழுங்காக வைக்கும் பழக்கம் கடைசிவரை கைகூடவில்லை. நண்பர் ஒருவர் அவரது செருக்கைச் சுட்டிக்காட்டிய பின்னரே பதின்மூன்றாவதாகத் தாழ்ச்சியைச் சேர்த்தார். செருக்கை வென்றுவிட்டதாக நினைத்தாலும், அத்தாழ்ச்சியைப் பற்றியே செருக்கடையக்கூடும் என்று தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார். எனினும் அம்முயற்சியால் தாம் மேம்பட்ட மனிதரானதாகவே கூறினார்.

ஸ்காட்லாந்தில் பிறந்த சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய 'தன்னுதவி' என்னும் நூல் 1859இல் வெளிவந்தது. லீட்ஸ் நகரில் மாலை வேளைகளில் கூடிப் படித்த உழைக்கும் இளைஞர்களுக்கு அவர் ஆற்றிய உரைகளே அதன் வித்து. இன்றைய தன்னம்பிக்கை நூல்களுக்கு அது முன்னோடி. அதன் தலைப்பைக் கண்டு சிலர் தன்னலத்தைப் போற்றும் நூல் எனக் கருதியதற்கு ஸ்மைல்ஸ் பின்னர் வருந்தினார். தனக்கு உதவிக்கொள்ளும் கடமையில் அயலாருக்கு உதவுவதும் அடங்கும் என்று விளக்கினார். நமது தயக்கம் புதிதன்று.

ஆக, தன்னைப் பேணுவது குற்றமன்று. அது எதற்காக என்பதே வினா. வலுவிழந்த கை பிறரைத் தாங்க இயலாது. இரு கணக்கேடுகளும் பிழையற்ற மனிதரை உருவாக்கவில்லை. தவறிய மறுநாளும் ஏட்டைத் திறக்கும் பழக்கத்தைத் தந்தன. நாமும் பத்து நூல்களை அடுக்கி வைப்பதைவிட ஒன்றை மெல்லப் படிப்போம். ஒரு குறையைத் தெரிந்துகொள்வோம். இன்றிரவு விளக்கை அணைக்குமுன், முதலில் நன்றி கூறி, பிறகு புள்ளியிடுவோம். எட்டாம் நாள் தவறினால் ஒன்பதாம் நாள் தொடங்குவோம்.