பொற்கையும் பணிக்கையும்

பொருநை கடலோடு கலந்த கொற்கை, பாண்டியரின் பழந்துறை. அம்மரபின் மன்னர் ஒருவர், கீரந்தை என்பாரின் வீட்டுக் கதவைத் தட்டிய பிழைக்காகத் தம் கையையே குறைத்துக்கொண்டதைச் சிலப்பதிகாரம் கூறும். பிற்கால மரபு அவரைப் ‘பொற்கைப் பாண்டியன்’ எனப் போற்றும்.

பொன்னால் கை அமைக்க மார்க்கம் இடந்தருமா? கொற்கைக்கு அணித்தேயுள்ள காயல்பட்டினத்தார் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இதற்கு விடையுண்டு. ஆடவர்க்குப் பொன் விலக்கு. ஆயினும், போரில் மூக்கிழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொருத்திய வெள்ளி மூக்கு நாற்றமெடுக்கவே, பொன்மூக்கு அமைத்துக்கொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 676, கி.பி. 1277) தம் ‘மின்ஹாஜ்’ நூலில் மூக்கு, பல், விரல்நுனி ஆகியவற்றைப் பொன்னால் அமைக்கலாம், முழுவிரல் ஆகாது என்றார்கள். கையும் அவ்வாறே என்பர் உரையாசிரியர்கள். காரணம் யாது? நுனி, எஞ்சிய விரற்கணுவால் இயங்கும். முழுவிரலும் கையும் இயங்கா. வெறும் அணியாகவே நிற்கும்.

பொன்னும் வெள்ளியும் அல்லாத கைக்கு இத்தடை இல்லை. இன்றோ, தசையில் எழும் நுண்மின்னை உணர்ந்து விரல் மடக்கும் செயற்கைக் கைகளும் வந்துவிட்டன. கையிழந்த நம் பிள்ளைக்கு, ஊரார் கண்ணுக்காகப் பொருத்தும் கையோடு அமையாது, குவளை பற்றும் கையைத் தேடித் தருவோமாக! ‘அது இயங்குமா?’ என்பதே நம் முன்னோர் கேட்ட கேள்வி.