டிக்கியைத் திறந்து வைத்து ஒரு விருந்து

முன்பொரு தடவை இதே பக்கத்தில், 'அமெரிக்காவில் முன்பின் தெரியாதவனுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடைக்காது' என்று எழுதியிருந்தேன். அப்போது நான் அந்த நாட்டுக்குப் போனதே கிடையாது. போய்வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியது. அதைத் திருத்திக்கொள்ளும் கடமை எனக்கு இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மகள் வீடு விஸ்கான்சின் மாநிலத்தில், கிரீன் பே ஊருக்குப் பக்கம். போன முறை நாங்கள் போயிருந்தபோது, அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை காலை எட்டரை மணிக்கே எங்களைக் கிளப்பினார். ஆட்டம் பன்னிரண்டு மணிக்கு. எங்களிடம் டிக்கெட்டும் கிடையாது. "மாமா, மேட்சை டிவியில பாத்துக்கலாம். மேட்சுக்கு முன்னால நடக்கிறதைத்தான் நேர்ல பாக்கணும்" என்றார். வெறுங்கையோடு போகக் கூடாது என்று மகள் முன்தினமே சொல்லிவிட்டதால், என் மனைவி விடியற்காலையில் எழுந்து நாற்பது மசால்வடை தட்டி எடுத்திருந்தாள்.

கிரீன் பே நம் கணக்கில் சின்ன ஊர். ஜனத்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். அந்த ஊரின் லாம்போ ஃபீல்ட் மைதானத்திலோ எண்பதாயிரம் பேர் உட்காரலாம்! ஆட்ட நாளில் சுற்றுவட்ட வீட்டுக்காரர்கள் தங்கள் வாசல் புல்தரையைக் கார் நிறுத்த வாடகைக்கு விடுகிறார்கள். நாங்களும் அப்படி ஒரு வீட்டு வாசலில் காரை நிறுத்தினோம். தெரு முழுக்கப் புகை. ஒவ்வொரு காரின் டிக்கியும் திறந்திருக்கிறது. பக்கத்தில் மடக்கு மேஜை, மடக்கு நாற்காலி, கரி அடுப்பு, ஐஸ் பெட்டி. குளிரில் கம்பளித் தொப்பி போட்ட கிழவர்களும் குழந்தைகளும் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதற்குப் பெயர் 'டெயில்கேட்' விருந்து. டெயில்கேட் என்றால் வண்டியின் பின்பக்கக் கதவு. லாரியில் சங்கிலி போட்டுக் கீழே இறக்குவார்களே, அதேதான். அதைக் கிடைமட்டமாக இறக்கினால் மேஜை ஆகிவிடும். அதிலிருந்து வந்த பெயர்.

இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் ஊருக்கு ஒரு கதை சொல்கிறார்கள். பலரும் சொல்வது 1861ஐ. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை, அந்த வருடம் ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை, புல் ரன் என்ற ஓடைக்கரையில் நடந்தது. வாஷிங்டனிலிருந்து எம்.பி.க்களும் சீமான் சீமாட்டிகளும் குதிரை வண்டியில் சாப்பாட்டுக் கூடையோடு வேடிக்கை பார்க்கப் போனார்கள். மாலையில் வடக்குப் படை தோற்று ஓட, வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் சிக்கிக்கொண்டார்கள். ஆல்ஃபிரட் ஈலி என்ற எம்.பி. எதிரியிடம் பிடிபட்டு மாதக்கணக்கில் சிறையில் கிடந்தார். சுவையான கதைதான். ஆனால் மனிதர்கள் சாவதைப் பார்க்கக் கூடை கட்டிக்கொண்டு போனதை இந்த விருந்துக்குப் பாட்டன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் சிலர் 1869ஐச் சொல்கிறார்கள். அந்த வருடம் நவம்பர் 6ஆம் தேதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகளுக்கு இடையே முதல் கல்லூரிக் கால்பந்தாட்டம் நடந்தது. ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. யேல் பல்கலைக்கழகத்தார், 1914ல் திறந்த எங்கள் மைதானத்தில்தான் ஆரம்பம் என்பார்கள். கிரீன் பேக்காரர்களோ, 1919ல் தங்கள் பேக்கர்ஸ் அணி பிறந்தபோது விவசாயிகள் டிரக்குகளைப் பின்னோக்கி ஓட்டி ஆடுகளத்தின் ஓரத்தில் நிறுத்தி, பின்கதவை இறக்கி அதில் உட்கார்ந்து பார்த்தார்கள் என்கிறார்கள். 'பேக்கர்ஸ்' என்ற பெயரே சாப்பாட்டிலிருந்து வந்ததுதான். அணிக்குச் சட்டை வாங்கப் பணம் கொடுத்தது ஒரு இறைச்சி டப்பா கம்பெனி!

என்னைக் கேட்டால், வண்டியின் பின்புறம் சமையலறை ஆனது 1866ல். டெக்சாஸில் மாடுகளை நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிச் செல்வோருக்குச் சோறு போட, சார்லஸ் குட்நைட் என்பவர் ஒரு பழைய ராணுவ வண்டியின் பின்னால் அலமாரி ஒன்றைப் பொருத்தினார். அதன் கதவைக் கீழே மடக்கினால் சமையல் மேஜை. இதைச் 'சக்வேகன்' என்பார்கள். கார் வந்த பிறகு அதே யோசனை காருக்கு மாறியது.

கரியின் கதை இன்னும் வேடிக்கை. ஹென்றி ஃபோர்டின் அந்தக் கால மாடல் டி காரில் மரப் பாகங்கள் நிறைய உண்டு. மிஞ்சிய மரத்துண்டுகளை வீணாக்க அவருக்கு மனமில்லை. 1920களில் மிச்சிகனில் ஒரு ஆலை வைத்து அவற்றைக் கரிக்கட்டிகளாக்கினார். பிறகு தன் கார் விற்பனைக் கடைகளிலேயே அந்தக் கரியை விற்றார். ஆக, காரில் மிஞ்சிய மரம் கரியாகி, காரிலேயே ஏறி ஊர்சுற்றக் கிளம்பியது. 1952ல் சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தான் வேலை பார்த்த பட்டறையில் செய்த இரும்பு மிதவையை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியை அடுப்பாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கினார். காற்றும் மழையும் அணைக்காத அடுப்பு கிடைத்துவிட்டது. 1956ல் ஐசன்ஹோவர் காலத்தில் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. குடும்பத்துக்கு ஒரு பின்புறம் நீண்ட கார், நல்ல சாலை, மூடி போட்ட அடுப்பு. இனி என்ன வேண்டும்?

சாப்பாடு ஊருக்கு ஊர் மாறும். விஸ்கான்சினில் ஜெர்மானியர் வழிவந்தவர்கள் அதிகம். அதனால் 'பிராட்வர்ஸ்ட்' என்ற பருமனான சாசேஜ்தான் அங்கே ராஜா. வெங்காயம் போட்டுப் பீரில் வேகவைத்துக் கரியில் வாட்டுவார்கள். கிரீன் பேயில் 'பூயா' என்று ஒன்று உண்டு. பெல்ஜியத்திலிருந்து குடியேறியவர்களின் பதார்த்தம். கோழி, மாட்டிறைச்சி, காய்கறி எல்லாவற்றையும் அண்டா போன்ற பாத்திரத்தில் மணிக்கணக்கில் கொதிக்கவிடுவார்கள். வீட்டுக்குச் செய்வதே கிடையாது, ஊருக்குத்தான்.

தெற்கே லூசியானாவில் 'கம்போ'. இந்தப் பெயருக்கு மூலம், ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல் என்கிறார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் காய், இன்று எஜமானர் பேரன்களின் கொண்டாட்டத்தில் கொதிக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு குறும்பும் உண்டு. முதலைச் சின்னம் கொண்ட புளோரிடா அணி ஆட வந்தால் முதலைக் கறி சமைப்பார்கள். காட்டுப்பன்றிச் சின்னம் கொண்ட ஆர்க்கன்சா வந்தால் பன்றி!

மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் 'தி குரோவ்' என்று பத்து ஏக்கர் மரத்தோப்பு. மழையில் வண்டிகள் தோப்பைச் சேறாக்கியதால் 1991ல் கார்களுக்குத் தடை போட்டார்கள். விருந்து நிற்கவில்லை. கூடாரம் போட்டு, வெள்ளித் தட்டு வைத்து, சரவிளக்குகூடத் தொங்கவிடுகிறார்கள். டென்னசியில் 1962ல் ஜார்ஜ் மூனி என்ற வானொலி வர்ணனையாளர், சாலை நெரிசலுக்குப் பயந்து ஆற்றில் படகிலேயே மைதானத்துக்கு வந்தார். இன்று அங்கே படகுக் கூட்டம் நிற்கிறது. பின்கதவும் இல்லை, காரும் இல்லை, ஆனாலும் டெயில்கேட்தான்.

குறை இல்லாமல் இல்லை. குடி அதிகம், குடித்தபின் வண்டி ஓட்டும் ஆபத்தும் உண்டு. மைதானக்காரர்களுக்கோ, வெளியே சாப்பிட்டுவிட்டு வருகிறவனால் லாபமில்லை. 2014ல் நியூ ஜெர்சியில் நடந்த சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் வாகன நிறுத்தத்தில் அடுப்பும் மடக்கு நாற்காலியும் கூடாது என்றே சொல்லிவிட்டார்கள்.

எதற்காக ஜனங்கள் இவ்வளவு சிரமப்படுகிறார்கள்? நியூ ஆர்லியன்ஸில் சமையல் பள்ளி நடத்திய ஜோ கான் என்பவர், 1996ல் வீட்டை விற்றுவிட்டு, ஒரு வீட்டு வண்டியில் மைதானம் மைதானமாகச் சுற்றினார். அமெரிக்காவில் இன்னும் மிஞ்சியிருக்கும் அக்கம்பக்கம் இந்தக் கார் நிறுத்துமிடம்தான் என்பது அவர் கண்டது. வேலி இல்லை, வாசற்கதவு இல்லை, மணத்தைப் பிடித்துக்கொண்டு யாரும் வரலாம்.

நானும் அதைப் பார்த்தேன். பக்கத்துக் காரில் என் வயதுக்காரர் ஒருவர் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தட்டை நீட்டினார். இறைச்சி சாப்பிடுவதில்லை என்று மாப்பிள்ளை சொன்னதும், அவர் முகம் கோணவில்லை. ஜிகினாத்தாளில் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் சுற்றி, இறைச்சி படாத ஒரு ஓரத்தைத் துடைத்து, அங்கே வைத்துச் சுட்டுத் தந்தார். என் மனைவி வடையை நீட்டினாள். ஒன்று தின்றார், இரண்டாவது எடுத்தார், பிறகு நாலு வண்டி தள்ளி நின்ற தம் கூட்டாளிகளைக் கையசைத்துக் கூப்பிட்டார். பத்து நிமிஷத்தில் டப்பா காலி. பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

திருச்சி திரும்பி வந்து யோசித்தேன். என் சின்ன வயதில் ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரையில் இதைத்தானே செய்தோம்? தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் என்று தூக்குத் தூக்காகக் கட்டிக்கொண்டு போவோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாரானாலும் அம்மா ஒரு கரண்டி வைக்காமல் விடமாட்டாள். இப்போது நான் இருக்கும் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் குடிவந்து நாலு வருஷம் ஆகிறது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. பிறத்தியாருக்குத் தண்ணீர் தரமாட்டார்கள் என்று ஊரைப் பழித்து எழுதியவன் லட்சணம் இது.

போன வாரம் மனைவி மறுபடி மசால்வடை செய்தாள். ஒரு தட்டில் ஆறு வடையை எடுத்துக்கொண்டு நானே போய் எதிர்வீட்டு மணியை அடித்தேன். அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். தட்டு நேற்றுத் திரும்பி வந்தது. அதில் அதிரசம் இருந்தது.