ஒரு கார், இரண்டு ஆட்டக்காரர்கள், ஓர் இரட்டைப் பதிவு

கிரிக்கெட் சராசரி நமக்கெல்லாம் தெரியும். எடுத்த ரன்களை, அவுட்டான எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அமெரிக்கர்களின் பேஸ்பாலில் கணக்கு வேறு. தோராயமாகச் சொன்னால், மட்டை பிடித்ததில் எத்தனை முறை பந்தை அடித்துப் பத்திரமாகத் தளம் சேர்ந்தார் என்பதே சராசரி. பத்துக்கு மூன்று, அதாவது 0.300 என்றால் நல்ல ஆட்டக்காரர். பத்துக்கு நான்கு அபூர்வம். பருவ முடிவில் யார் சராசரி அதிகமோ அவரே அந்த லீக்கின் பேட்டிங் சாம்பியன்.

வேலைக்காலம் முழுவதும் கணக்குப் புத்தகங்களோடு மல்லுக்கட்டியவன் நான். அதனாலோ என்னவோ, அந்தச் சாம்பியன்கள் பட்டியலில் 1910-ஆம் ஆண்டு வரியில்தான் என் கண் போய் நிற்கிறது.

அந்த வருடம் ஹியூ சால்மர்ஸ் என்ற கார் கம்பெனி முதலாளி, பேட்டிங் சாம்பியனுக்கு ஒரு கார் பரிசு என்று அறிவித்தார். கார் அன்று சாமானியப் பொருளா? போட்டி டெட்ராய்ட் அணியின் டை காப்புக்கும் கிளீவ்லாந்து அணியின் நாப் லாஜுவேக்கும் இடையே முற்றியது. காப் மகா திறமைசாலி, ஆனால் முரடர். சொந்த அணியிலேயே பலருக்கு அவரைப் பிடிக்காது. முன்னிலையில் இருந்த அவர், கடைசி இரண்டு ஆட்டங்களில் இறங்காமல் உட்கார்ந்துகொண்டார்.

அக்டோபர் 9, கடைசி நாள். செயின்ட் லூயிஸில் லாஜுவேக்கு இரண்டு ஆட்டங்கள். எதிரணி மேலாளர் ஜாக் ஓகானர், மூன்றாம் தளத்தில் நின்ற கோரிடன் என்ற புதுப் பையனை வெகு தூரம் பின்னால் போய் நிற்கச் சொன்னார். லாஜுவே பந்தை அந்தப் பக்கம் மெல்லத் தட்டிவிட்டு ஓடினார். மறுபடியும் மறுபடியும் அதேதான். அன்று மட்டும் எட்டு ஹிட்! போதாததற்கு, இன்னொன்றையும் ஹிட்டாக எழுதினால் புது சூட் ஒன்று தருவதாக, ஹாவல் என்ற பயிற்சியாளர் ஸ்கோர் எழுதுபவருக்குச் சீட்டு அனுப்பினார். அவர் மசியவில்லை.

விஷயம் நாறிவிட்டது. ஓகானர், ஹாவல் இருவருக்கும் வேலை போயிற்று. லீக் தலைவர் பான் ஜான்சன், காப் 0.385, லாஜுவே 0.384 என்று தீர்ப்புச் சொன்னார். சால்மர்ஸ் இருவருக்குமே கார் கொடுத்தார். அவருக்கு விளம்பரம்தானே முக்கியம்!

கதை அங்கே முடியவில்லை. சுமார் எழுபது வருடம் கழித்துப் பழைய பேரேடுகளைக் குடைந்த பீட் பாமர் என்ற ஆய்வாளர், காப்பின் ஓர் ஆட்டம் இரண்டு முறை ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தார். ஒரே வவுச்சரை இரண்டு தடவை ஏற்றியது போல! அதைக் கழித்தால் லாஜுவேதான் நூலிழை முன்னால். ஆனாலும் 1981-இல் ஆணையர் போவி கூன் பட்டத்தை மாற்ற மறுத்துவிட்டார்.

சரி, யாருக்குச் சேர வேண்டிய பட்டம் அது? ஒருவர் உட்கார்ந்து காப்பாற்றிக்கொண்டார், மற்றவருக்கு எதிரணியே வழிவிட்டது. எனக்கு இருவருக்கும் கொடுக்க மனமில்லை.

1941-இல் பாஸ்டனின் டெட் வில்லியம்ஸுக்கும் இப்படி ஒரு கடைசி நாள் வந்தது. சராசரி 0.3995-க்குச் சற்று மேல். உட்கார்ந்திருந்தால் 0.400 என்றே எழுதியிருப்பார்கள். மேலாளரும் விருப்பமானால் ஓய்வெடு என்றார். 23 வயது வில்லியம்ஸ் ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு ஆட்டமும் ஆடினார். எட்டுக்கு ஆறு. முடிவில் 0.406. அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் அதற்குப்பின் எவரும் 0.400-ஐத் தொடவில்லை.

அந்தப் பதிவுக்கு எந்தத் தணிக்கையும் தேவைப்படவில்லை.