தலைவர் வெளியே போன பிறகு

பி.எட். படித்தவர்களுக்கும் எம்.பி.ஏ. படித்தவர்களுக்கும் பொதுவாகத் தெரிந்த கட்டம் ஒன்று உண்டு. மூன்று பத்தி, நாலைந்து வரிசை. முதல் பத்தியின் தலையில் எதேச்சதிகாரத் தலைமை, அடுத்ததில் ஜனநாயகத் தலைமை, கடைசியில் தலையிடாத் தலைமை. யார் முடிவெடுக்கிறார், யார் பேசுகிறார், வேலை எப்படி நடக்கிறது என்று கீழே வரிசையாக வரும். ஓரத்தில் "லெவின், லிப்பிட், வைட், 1939" என்று ஒரு குறிப்பு. பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண். வேலைக்குப் போன பிறகும் இது விடாது. பயிற்சி வகுப்பு என்று ஏதாவது ஹோட்டல் ஹாலில் உட்காரவைத்து, "நீங்கள் எந்த வகைத் தலைவர்?" என்று ஒரு தாளைக் கொடுத்து டிக் அடிக்கச் சொல்வார்கள். கிட்டத்தட்ட ராசிபலன்தான்.

அந்த 1939-க்குள் என்ன இருக்கிறது என்று தேடிப் போனால் அங்கே மேனேஜர், தலைமையாசிரியர் யாருமே இல்லை. பத்து வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு உட்கார்ந்து நாடக முகமூடி செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை வேடிக்கை பார்க்கிறார் ஜெர்மனியை விட்டு வந்த ஓர் அகதி.

குர்ட் லெவின் 1890-ல் அன்றைய பிரஷ்யாவின் மொகில்னோ என்ற சிற்றூரில் பிறந்த யூதர். முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் சண்டை போட்டுக் காயம்பட்டவர். பிறகு பெர்லினில் உளவியல் கற்பித்தார். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சமயத்தில் அவர் ஊரில் இல்லை. அமெரிக்காவில் வருகைப் பேராசிரியராக இருந்துவிட்டு ஜப்பான், சோவியத் யூனியன் வழியாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். அந்த ஏப்ரலில் யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. போர்முனையில் இருந்தவர்களுக்கு அதில் விலக்கு உண்டு, அதனால் லெவின் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கிளம்பினார். இரண்டு வருடம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஓட்டிவிட்டு, 1935-ல் அயோவாவின் குழந்தைநல ஆய்வு நிலையத்துக்கு வந்தார்.

அங்கே அவரிடம் படிக்க வந்தவர் ரொனால்ட் லிப்பிட். ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் சிறுவர் குழுக்களை நடத்தப் பயின்றவர். ஜெனீவாவில் பியாஜேவிடமும் கொஞ்ச காலம் இருந்தவர். குழுவை நடத்துகிறவரின் போக்கு மாறினால் பிள்ளைகள் எப்படி மாறுகிறார்கள் என்று பார்க்கலாமா என்று கேட்டார். நமக்கெல்லாம் அது ஒரு எம்.எட். தலைப்பு மாதிரி தோன்றும். ஆனால் நன்றாகப் படித்த, பண்பட்ட ஒரு தேசம் சில மாதங்களில் எப்படி வாய் மூடிக்கொண்டது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவரிடம் அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்தது. அந்தக் கட்டத்தைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும் என்று நினைக்கிறேன்.

முதல் சோதனையில் ஐந்து ஐந்து பிள்ளைகளாக இரண்டு குழு. இரண்டையும் நடத்தியவர் லிப்பிட்டேதான். ஒன்றில் அவர் எதேச்சதிகாரி. என்ன செய்வது, யாரோடு சேர்ந்து செய்வது எல்லாம் அவர்தான் சொல்வார், அதையும் ஒவ்வொரு படியாகத்தான் சொல்வார். அடுத்தது என்ன என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்றில் பிள்ளைகளே பேசி முடிவெடுப்பார்கள், அவர் கூட இருந்து வழி சொல்வார். எதேச்சதிகாரக் குழுவில் பகைமை மற்றதைவிட 30 மடங்கு அதிகமாக இருந்தது. அதைவிட முக்கியமான விஷயம், அந்தப் பகைமை போன திசை. அதட்டிய தலைவர் மேல் ஒன்றுகூடப் போகவில்லை. குழுவுக்குள்ளேயே ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்கள், அதன் பிறகு இன்னொரு பிள்ளையை. மேலே காட்ட முடியாத கோபம் பக்கத்தில் இருப்பவன் மேல் இறங்கியது. லெவின் இதைப் படித்தபோது அவருக்கு அயோவா மட்டும் ஞாபகம் வந்திருக்காது.

இரண்டாவது சோதனை பெரியது. ஐந்து பையன்களாக நான்கு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை தலைவர் மாறுவார், அவரோடு தலைமை முறையும் மாறும். சாக்குத் துணித் தடுப்புக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்து நாலு பேர் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார்கள். வேண்டுமென்றே சில சம்பவங்களையும் உள்ளே நுழைத்தார்கள். தலைவர் தாமதமாக வருவார். நடுவில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போவார். அவர் இல்லாத நேரம் பார்த்து, எலெக்ட்ரீஷியன் போலவோ துப்புரவுப் பணியாளர் போலவோ ஒருவர் வந்து பையன்களின் வேலையை மட்டம் தட்டிவிட்டுப் போவார்.

இந்தச் சோதனைக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர் ரால்ஃப் வைட். ஜனநாயகத் தலைவராக நடந்துகொள்ளச் சொன்னார்கள். அவரும் நடந்தார், ஆனால் பையன்களை அவர்கள் போக்கில் விட்டுவிட்டு ஓரமாக நின்றார். லிப்பிட்டின் ஜனநாயகக் குழு மாதிரி அது இல்லவே இல்லை, ஒரே கலவரம். இந்த இடத்தில் சாதாரண ஆய்வாளராக இருந்தால் வைட்டைத் திருத்தியிருப்பார், இல்லாவிட்டால் அந்தத் தரவைத் தூக்கிப் போட்டிருப்பார். திரைக்குப் பின்னால் இருந்து பார்த்த லெவினுக்கோ உற்சாகம் தாங்கவில்லை. இது வேறொரு வகை, இதையும் தனியாகப் பார்ப்போம் என்றார். பாடப்புத்தகத்தின் மூன்றாவது பத்தி பிறந்தது இப்படித்தான். தலையிடாமல் இருப்பதும் ஜனநாயகமும் ஒன்றல்ல என்பதை யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை.

முடிவுகளைக் கைடில் இருப்பதுபோல அடுக்க எனக்கு ஆசை இல்லை. இரண்டு விஷயங்களில் மட்டும் கொஞ்சம் நிற்கலாம்.

முதலாவது, அமைதி. இந்த முறை ஐந்து எதேச்சதிகாரக் காலகட்டங்களில் ஒன்றில்தான் பழைய மாதிரி சண்டை நடந்தது. மற்ற நாலிலும் பையன்கள் ஆச்சரியப்படும்படி அடங்கிப் போனார்கள். சண்டை இல்லை, சிரிப்பும் இல்லை. வெளியிலிருந்து பார்க்கிற ஒருவர் "என்ன கட்டுப்பாடு!" என்று மெச்சுவார். ஆனால் அதே குழுவைச் சுதந்திரமான தலைமைக்கு மாற்றிய முதல் நாளில் அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. அப்படியென்றால் அந்த அமைதிக்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும். நம்மூரில் தனியார் பள்ளிக்கூடம் பார்க்கப் போகிற பெற்றோர் வராந்தாவில் நின்று காது கொடுப்பார்கள். சத்தம் இல்லையென்றால் நல்ல ஸ்கூல்.

இரண்டாவது, வேலை. பையன்கள் வேலையில் ஈடுபட்டிருந்த நேரத்தைக் கணக்கெடுத்தார்கள். அடங்கிப்போன எதேச்சதிகாரக் குழுக்களில் தலைவர் அறையில் இருக்கும்போது அது 74 சதவீதம், ஜனநாயகத்தில் 50, தலையிடாத் தலைமையில் 33. இதோடு நிறுத்திக்கொண்டால் அதட்டல்தான் ஜெயித்தது. இப்போது தலைவர் வெளியே போகிறார். 74 என்பது 29 ஆகிறது. ஜனநாயகக் குழுவில் 50 என்பது 46. அவர் போனது பெரிதாகத் தெரியவே இல்லை. தலையிடாத் தலைமையில் 33 என்பது 49 ஆக ஏறுகிறது! ஓரமாக நின்ற அந்த மனிதர் போன பிறகுதான் பையன்கள் தங்களுக்குள் பேசி வேலையை எடுத்துச் செய்தார்களோ என்னவோ. இந்தக் கட்டத்தை விளக்கும் பல புத்தகங்களில் இந்த எண்களே இருப்பதில்லை. அதட்டினால் வேலை நடக்கும், மனம் கசக்கும் என்று ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். யார் இருக்கும்போது நடக்கும் என்ற பாதிக் கேள்வி அங்கேயே விழுந்துவிடுகிறது.

எனக்கு இந்தப் பாடம் ஒரு பி.எட். வகுப்பில் வந்தது. ஜனநாயகத் தலைமையின் பண்புகள் எட்டு, டிக்டேஷன். நாங்கள் தலை நிமிராமல் எழுதினோம். ஐந்தாவது பண்பு, கருத்துச் சொல்ல அனைவருக்கும் வாய்ப்பளித்தல். பின் பெஞ்சில் ஒருவர் சிரித்துவிட்டார், வெளியே அனுப்பப்பட்டார்.

கட்டம் மறைக்கிற இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சோதனையில் ஒரே ஆள் ஒரு குழுவில் எதேச்சதிகாரி, இன்னொரு குழுவில் ஜனநாயகவாதி. அவரவர் குணம் குறுக்கே வரக் கூடாது என்றுதான் அப்படி மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். லெவின் பேசியது ஆட்களைப் பற்றி அல்ல, குழுவில் நிலவும் சூழலைப் பற்றி. "நீங்கள் எந்த வகைத் தலைவர்?" என்ற கேள்வித்தாள் அவருடைய பெயரால் அவர் சொன்னதற்கு நேர் எதிரான ஒன்றை விற்கிறது.

ஒரு நட்பான, கலகலப்பான குழு எதேச்சதிகாரத்துக்கு மாறிய முதல் நாளில் அந்தப் பிள்ளைகளின் முகம் மாறியதைப் பார்த்தது தன்னை மிகவும் பாதித்தது என்று லெவின் எழுதியிருக்கிறார். அதற்கு அரை மணி நேரமே போதுமானதாக இருந்தது. திரும்பி வருவதற்குக் கூடுதல் காலம் பிடித்தது. எதேச்சதிகாரத்தை ஒருவர் மேல் சுமத்திவிடலாம், ஜனநாயகத்தைப் பழகித்தான் ஆக வேண்டும் என்பது அவர் கண்டது.

குறைகள் இல்லாத ஆய்வு என்று சொல்ல வரவில்லை. இரண்டாவது சோதனையில் இருந்தவர்கள் மொத்தம் 20 பேர். எல்லாரும் ஒரே ஊர்ப் பையன்கள். ஜனநாயகத் தலைவரும் பிள்ளைகளைத் தான் விரும்பிய பக்கம் நைசாகத் தள்ளுகிறவர்தானே என்ற கேள்வியும் இருக்கிறது. சிறு குழுக்களை வைத்துச் சம்மதத்தைத் தயாரிக்கும் வித்தை இது என்று வில்லியம் கிரேப்னர் போன்ற வரலாற்றாசிரியர்கள் விமர்சித்தார்கள். அதற்குப் பிந்தைய கதை இந்தச் சந்தேகத்துக்குத் தீனி போடுகிறது. வர்ஜீனியாவில் ஹார்வுட் என்ற பைஜாமா தொழிற்சாலையில் லெவினின் மாணவர்கள் இதே யோசனையைக் கொண்டுபோனார்கள். வேலைமுறை மாறும்போது சும்மா அறிவித்துவிட்ட குழுவில் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். கலந்து பேசி மாற்றிய குழுக்களில் ஒருவரும் போகவில்லை, உற்பத்தியும் ஏறியது. 1948-ல் கோச்சும் ஃப்ரெஞ்சும் இதை வெளியிட்டார்கள். ஆனால் மாற்றம் வருமா வராதா என்பதை அந்தப் பெண்களிடம் யாரும் கேட்கவில்லை, எப்படி வரலாம் என்றுதான் கேட்டார்கள். பிறகு நார்வேயில் ஒரு தொழிற்சாலையில் இதையே செய்து பார்த்தபோது உற்பத்தியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. அங்கே தொழிலாளர்களுக்குத் தங்கள் குரல் என்றால் அது தொழிற்சங்கம்.

இந்தியாவிலும் இது நடந்தது. 1967-ல் ராபர்ட் மீட் என்ற ஆய்வாளர் இந்தியச் சிறுவர்களை வைத்து அயோவா சோதனையைத் திரும்பச் செய்து வெளியிட்டார். முடிவு தலைகீழ். எதேச்சதிகாரத் தலைவரிடம்தான் பையன்கள் ஒழுங்காக வந்தார்கள், வேலையும் நன்றாக இருந்தது. இதைக் கேட்டதும் "நம்ம ஆளுங்களுக்கு அதட்டல்தான் சரி" என்று தலையாட்டுகிற மேலதிகாரிகளை உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அந்த முடிவில் வேறொன்று தெரிகிறது. வீட்டிலும் பள்ளியிலும் சொன்னதைச் செய்தே பழகிய ஒரு பையனிடம் திடீரென்று "நீயே முடிவு செய்" என்றால் அது அவனுக்குச் சுதந்திரமாகத் தெரியாது, சாருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றுதான் தோன்றும். பழகித்தான் ஆக வேண்டும் என்று லெவின் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது. ஜே.பி.பி. சின்ஹா 1980-ல் எழுதிய புத்தகம் இந்த இடத்திலிருந்துதான் யோசிக்கிறது. இந்தியச் சூழலில் வேலையில் கறாரும் ஆள்மேல் அக்கறையும் உள்ள தலைவரிடம் ஆரம்பித்து, கீழே இருப்பவர்கள் தேறத் தேற அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டே போகலாம் என்பது அவர் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'தேறிவிட்டார்கள்' என்று எந்த அதிகாரி எந்தத் தேதியில் ஒப்புக்கொள்வார்?

ஒன்றை விட்டுவிட்டேன். அயோவாவில் 20 பையன்களிடமும் எந்தத் தலைவரைப் பிடித்தது என்று தனித்தனியாகக் கேட்டார்கள். 19 பேருக்கு எதேச்சதிகாரியைவிட ஜனநாயகத் தலைவரைத்தான் பிடித்திருந்தது. மீதி ஒருவனுக்குக் கண்டிப்பானவரைப் பிடித்திருந்தது. அவன் அப்பா ராணுவ அதிகாரி.

லெவின் 1947 பிப்ரவரியில் 56 வயதில் இறந்துபோனார். அதற்கு முன்பே அவருடைய அம்மா நாஜிகளின் வதைமுகாமில் கொல்லப்பட்டிருந்தார். முகமூடிப் பையன்களைப் பற்றிய முழு நூல் 1960-ல்தான் வந்தது, லிப்பிட்டும் வைட்டும் சேர்ந்து எழுதியது. ஜனநாயகத் தலைவராக நடக்கச் சொன்னால் ஓரமாகப் போய் நின்ற அதே வைட், 1968-ல் வியட்நாம் போரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அரசாங்கங்கள் எதிராளியையும் தங்களையும் எப்படித் தப்பாகப் பார்த்துக்கொண்டு போருக்குள் போகின்றன என்பதுதான் அதன் பொருள். கட்டத்தின் ஓரத்தில் அவர் பெயர் இன்னும் மூன்றாவதாகத்தான் வருகிறது.