உயர்ந்த புல்லும் உழவு இயந்திரமும்



திருநாவுக்கரசு சுவாமிகளின் திருவுருவத்தைக் கோயிலிற் கண்டு வணங்காதவர் நம்மிடையே அரியர். அத்திருவுருவத்தின் தோளிற் சார்ந்திருக்கும் கருவி உழவாரம். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெரியார், கோயில் வீதிகளிலும் திருமுற்றங்களிலும் முளைத்த புல்லைத் தம் கையாலேயே செதுக்கித் தொண்டு செய்தவர். வன்னியில் வளவு செருக்குவோர் கையில் இன்றும் அந்த உழவாரத்தைக் காணலாம். குட்டையான புல்லுக்கும் இறுகிய தரைக்கும் அதனினும் ஏற்ற கருவி வேறில்லை. ஆயினும், ஆளுயரப் புல்லின் முன் அதனைக் கொண்டுபோய் நிற்பவன் அரை நாளில் அயர்ந்து விடுவான். கருவியில் உயர்வும் தாழ்வும் இல்லை. பொருத்தமும் பொருத்தமின்மையுமே உண்டு. இந்த எளிய உண்மையை வன்னி நிலம் எவ்வளவு கடுமையாக நமக்குக் கற்பித்தது என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

வன்னியின் வரலாற்றைக் காட்டுக்கும் வயலுக்கும் இடையே நடந்த நெடிய வழக்கு என்று கூறலாம். மனிதன் குளம் கட்டிய காலத்தில் காடு பின்வாங்கியது. குளம் உடைந்து குடிகள் பெயர்ந்த காலத்தில் காடு மீண்டது. 1895ஆம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவான கைந்நூல் ஒன்றை வெளியிட்டபோது, குடிகள் குறைந்தும் குளங்கள் தூர்ந்தும் கிடந்த நாட்டையே அவர் கண்டார். பின்னர், 1902ஆம் ஆண்டில் இரணைமடுக் குளத்தின் வேலை தொடங்கி 1920ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. 1930களில் யாழ்ப்பாணத்தின் நெருக்கடியைத் தணிக்கும் நோக்குடன் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கிற்று. வந்தவர்கள் காட்டுக்கத்தியும் கோடாலியும் கொண்டு காட்டை வெட்டினர், எரித்தனர், விதைத்தனர்.

காட்டை வெட்டிய இடத்தில் உழவு தவறினால் முதலில் வந்து குடிகொள்வது மரம் அன்று, புல்லே. மேட்டு நிலத்திற் கினிப் புல்லும், தரிசில் இலுக்கும், குளத்தோரத்தில் நாணலும் கோரையும் தலைதூக்கும். இவற்றுட் கினிப் புல் ஆபிரிக்காவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொணரப்பட்டது. கால்நடைத் தீவனமாக வந்த அது, வேலிக்குள் அடங்காமல் தெருவோரமெங்கும் பரவி ஆளுயரத்தையும் விஞ்சி நிற்கிறது. இளம்புல்லாயின் மாடு விரும்பி உண்ணும். முதிர்ந்து காய்ந்தாலோ, ஒரு தீப்பொறி போதும், ஊரையே சுட்டுவிடும். ஆகவே உயர்ந்த புல்லை வெட்டுதல் அழகுக்காகச் செய்யும் அலங்கார வேலை அன்று. தீக்கும் பாம்புக்கும் எதிரான காவல் அது, மாட்டுக்கு உணவும் அது.

இந்த வேலைக்கு அரிவாளும் காட்டுக்கத்தியுமே நெடுங்காலம் போதுமானவையாயிருந்தன. நிலைமையை மாற்றியது இரு சக்கர உழவு இயந்திரம். அதனை நம் ஊரார் எந்த நிறுவனம் செய்தாலும் 'லாண்ட் மாஸ்டர்' என்றே அழைப்பர். அப்பெயருக்கு உரிய இயந்திரத்தை 1950களில் வடிவமைத்தவர் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்த்தன அவர்கள். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியிற் செய்யப்பட்டு உலகெங்கும் விற்கப்பட்ட அவ்வியந்திரம், சிறு வயலுக்குள் எருமை திரும்பும் இடத்தில் தானும் திரும்பக்கூடியது. உழவும், பெட்டி பூட்டிய வண்டியோட்டமும், நீரிறைப்பும் அதன் அன்றாடத் தொழில்களாயின. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு வன்னித் தோட்டக்காரரின் கையிற் பணம் புழங்கிய காலத்தில், உழவு இயந்திரம் வாங்கும் ஆசை பல முற்றங்களில் நிறைவேறிற்று.

உழவு இயந்திரம் இருக்கிறது, புல்லும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே பூட்ட வேண்டிய வெட்டுபொறி எது? இக்கேள்விக்கு உலகம் மூன்று விடைகளைக் கண்டிருக்கிறது.

முதலாவது, கத்திச்சட்டம். 1820களின் இறுதியில் ஸ்கொட்லாந்தில் பற்றிக் பெல் என்பவரும், 1831ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சைரஸ் மக்கோர்மிக் என்பவரும் குதிரையால் இயங்கும் அறுவடைப் பொறிகளை இயக்கிக் காட்டினர். அக்காலத்து முயற்சிகளிலிருந்து வளர்ந்ததே இன்றைய கத்திச்சட்டம். முக்கோணப் பற்கள் வரிசையாகப் பொருத்திய தகடு, நிலையான விரல்களுக்கிடையே இங்குமங்கும் ஓடும். கத்தரிக்கோல் துணியை நறுக்குவதுபோலப் புல்லின் அடியை நறுக்கும். வெட்டப்பட்ட தாள் முழுமையாகவே சாயும். மாட்டுக்குக் கட்டலாம், இலுக்காயின் கூரை வேயலாம். இதற்கு வேண்டிய வலுவும் குறைவு. 1943ஆம் ஆண்டில் இத்தாலியில் தோன்றிய பிசிஎஸ் நிறுவனத்தின் முதற்பொறியே மோட்டார் பூட்டிய புல்வெட்டிதான். 1980களில் பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையமும் சீன ஆய்வாளரும் சேர்ந்து, இரு சக்கர உழவு இயந்திரத்தின் முன்புறத்திற் பூட்டும் நெல்லரி பொறியை உருவாக்கியபோதும் இத்தகைய கத்தியையே கையாண்டனர். இதன் குறை யாதெனில், கல்லும் கம்பியும் பட்டால் பல் உடைந்துவிடும். விரல் தடித்த பற்றைத் தண்டு வந்தாலும் திணறும்.

இரண்டாவது, சுழற்கத்தி. நிலத்துக்குக் கிடையாக ஒரு கத்தி விரைந்து சுழன்று புல்லை அடித்து வெட்டும். சிறிய வலிய எஞ்சின்கள் கிடைக்கத் தொடங்கிய 1930களில் இம்முறை தலையெடுத்தது. கத்திச்சட்டத்தின் பல் விநாடிக்கு இரண்டு மூன்று மீற்றர் அளவிலேயே ஓடுகிறது. சுழற்கத்தியின் நுனியோ விநாடிக்கு 70 முதல் 90 மீற்றர் வரை பாய்கிறது. எனவே சிறு பற்றையையும் அது தள்ளிவிடாமல் வெட்டும். ஆனால் அதே வேகத்திற் கல்லையும் எறியும். மூடியின்றி இதனை இயக்குதல் பேராபத்து.

மூன்றாவது, அடிகத்தி. படுக்கையாகச் சுழலும் உருளையொன்றிற் சிறு கத்திகளோ சங்கிலித் துண்டுகளோ தொங்கும். உருளை சுழலும்போது அவை விறைத்து நின்று புல்லை அடித்துப் பொடியாக்கும். கல் பட்டால் உடையாமல் மடங்கிக்கொள்ளும். பற்றையையும் முள்ளையும் ஒருங்கே துவைக்கும். எனினும் இது வலுவை மிகுதியாக விழுங்கும். ஏறத்தாழ 7 முதல் 14 குதிரைவலு வரை மட்டுமே உடைய நம் இரு சக்கர இயந்திரத்துக்கு அகலமான அடிகத்தியைப் பூட்டினால் எஞ்சின் இரையும், வேலை நகராது. அகலத்தைக் குறைத்து, மெல்ல நடத்தினாற் பயன் தரும்.

இம்மூன்றையும் ஏட்டளவில் ஒப்பிடுவது எளிது. வன்னியில் இவற்றை ஒப்பிடும் முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றைப் போர் நமக்குத் தந்து சென்றது. புல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதே அக்கேள்வி.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் ஓய்ந்தது. அகதி முகாம்களிலிருந்து மக்கள் படிப்படியாக ஊர் திரும்பினர். அப்போது நாங்கள் கண்ட ஊர், நாங்கள் விட்டுச்சென்ற ஊர் அன்று. கிணற்றுக் கட்டையும் வாசற்படியையும் புல்லை விலக்கியே தேடவேண்டியிருந்தது. அந்தப் புல்லுக்குள்ளே கண்ணிவெடிகள் இருந்தன. வெடிக்காத குண்டுகள் இருந்தன. புல்லின் நிறத்தோடு நிறமாய்த் தடக்குக் கம்பிகளும் இருந்தன. வழக்கமான காலத்தில் ஒரு சிறுவன் அரிவாளோடு சென்று முடிக்கக்கூடிய வேலை, அன்று உயிரைப் பணயம் வைக்கும் வேலையாயிற்று.

கண்ணிவெடி அகற்றுவோர் புல்லை வெட்டிய முறையைக் கண்டவர்கள் அதனை மறவார். முதலில் மெல்லிய கோல் ஒன்றைப் புல்லினூடே செலுத்தித் தடக்குக் கம்பி உண்டா என மெல்ல உணர்ந்து பார்ப்பர். பின்னர் கைக்கத்தரியால் மேலிருந்து கீழாகச் சிறிது சிறிதாகப் புல்லை நறுக்குவர். அதன் பின்னரே ஆய்கருவியோ முள்வாரியோ நிலத்தைத் தொடும். இப்பணியில் வன்னிப் பெண்கள் பலரும் ஈடுபட்டனர் என்பதைப் பெருமையோடு கூறவேண்டும். வெடியைத் தேடும் நேரத்திற் பெரும்பங்கு புல்லை வெட்டுவதிலேயே கழிந்தது.

இதனை இயந்திரத்தால் எளிதாக்க இயலாதா என்று அறிஞர் சிலர் போர் முடியுமுன்னரே சிந்தித்தனர். இத்தாலியின் ஜெனோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு ஒன்று 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. வன்னியிற் பணிபுரிந்த கண்ணிவெடி அகற்றுநரின் தேவைகளை அவர்களிடமே கேட்டறிந்து, நம் ஊரில் எளிதிற் கிடைப்பதும் ஊர்ப் பட்டறையிலேயே பழுதுபார்க்கத்தக்கதுமான இரு சக்கர உழவு இயந்திரத்தைப் புற்பூண்டு வெட்டவும் நிலத்தைக் கிளறவும் ஏற்றதாக மாற்றுவது பற்றி அவ்வாய்வு பேசுகிறது. எங்கள் லாண்ட் மாஸ்டர் இத்தகைய உலக ஆய்வுக்கு உரிய பொருளாயிற்று என்பது எண்ணத்தக்கது.

அடிகத்தியின் கோட்பாடு போர்க்களத்துக்கும் புதிதன்று. 1942ஆம் ஆண்டு ஒக்டோபரில் எல் அலமேன் போரில், சுழலும் சங்கிலிகளால் நிலத்தை அடித்துக் கண்ணிவெடியை வெடிக்கச் செய்யும் தாங்கிகளைப் பிரித்தானியப் படை பயன்படுத்திற்று. அதே வகைப் பொறிகள், கவசம் பூண்டு, தொலைவிலிருந்து இயக்கப்படுவனவாக இலங்கைக்கும் பின்னாளில் வந்தன. ஆயினும் இயந்திரம் அடித்த நிலத்தை மனிதன் மீண்டும் தேடிய பின்னரே நிலம் ஒப்படைக்கப்படுகிறது. ஏனெனில் சங்கிலி அடிக்குத் தப்பிய ஒரு வெடி போதும்.

எங்கள் பாடசாலையின் அனுபவம் ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். 2010ஆம் ஆண்டில் நாங்கள் திரும்பியபோது விளையாட்டுத் திடலிற் புல் பிள்ளைகளின் தலைக்கு மேல் நின்றது. கண்ணிவெடி இல்லை எனச் சான்று கிடைக்கும்வரை ஒருவரையும் அங்கே விடவில்லை. சான்று கிடைத்த மறுவாரம், ஒரு பிள்ளையின் தந்தை மகிழ்ச்சியோடு தமது லாண்ட் மாஸ்டரிற் சுழற்கத்தியைப் பூட்டிக்கொண்டு வந்தார். மூடி இல்லை. நிலத்தை நடந்து பார்க்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. பத்து நிமிடத்திற் பழைய முட்கம்பி ஒன்று கத்தியிற் சுற்றிக்கொண்டது. கல் ஒன்று பறந்து தற்காலிகக் கொட்டகையின் தகரத்தைத் துளைத்தது. பிள்ளைகள் அன்று வகுப்பில் இல்லாதது இறைவன் செயல். மறுநாள் பெற்றோரும் ஆசிரியரும் காட்டுக்கத்தியோடு இறங்கி, முதலிற் புல்லை மேலோட்டமாக வெட்டி, கம்பியையும் கல்லையும் பொறுக்கிய பின்னரே இயந்திரத்தை விட்டோம். ஓர் உழவு இயந்திரம் ஒரு நாளிற் செய்யும் என எண்ணிய வேலை ஐந்து நாளாயிற்று. அதில் எனக்கு வருத்தம் இல்லை. முதல் நாளின் அவசரத்துக்கே வருத்தம்.

இனி, வெட்டுபொறி வாங்க நினைப்போர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்துகிறேன். முதற்கேள்வி, நிலம் எத்தகையது என்பது. சிவப்பு அடையாளம் நட்ட நிலத்தில் எந்தப் பொறிக்கும் இடமில்லை. சான்று பெற்ற நிலத்தையும் பகுதி பகுதியாக நடந்து பார்த்துக் கல்லையும் கம்பியையும் அகற்றுதல் வேண்டும். இரண்டாவது, புல் எத்தகையது. மெல்லிய தாளா, பற்றை கலந்ததா? பார்த்தீனியம் கலந்திருந்தால் பூக்கும் முன்னரே வெட்டுதல் வேண்டும். பூத்த பின் பொடியாக்கினால் விதையை நாமே தூவியவராவோம். மூன்றாவது, வெட்டிய புல் எதற்கு. மாட்டுக்கும் கூரைக்கும் ஆயின் கத்திச்சட்டம். தென்னைக்கும் மாவுக்கும் மூடாக்காக இடுவதாயின் அடிகத்தி. தெருவோரப் பற்றையைக் குறைப்பதாயின் மூடி பொருத்திய சுழற்கத்தி. நான்காவதும் இறுதியானதுமே, இயந்திரத்தின் வலுவும் எடையும் பற்றிய கேள்வி. விற்பனையாளரின் முற்றத்தில் நாம் முதலிற் கேட்பது பெரும்பாலும் இந்த நான்காவது கேள்வியைத்தான். அதனாலேயே பல வீடுகளில் வாங்கிய பொறி கொட்டிலில் துருவேறிக் கிடக்கிறது.

லாண்ட் மாஸ்டரை ஆக்கிய விஜேவர்த்தன அவர்களின் வாழ்விலும் இப்பாடமே காணப்படுகிறது. தம் இயந்திரம் உலகெங்கும் விற்ற பின்னர், எருமையின் வேலையை இயந்திரத்துக்கு மாற்றியதன்றி வெப்பமண்டல உழவனின் உண்மையான இடர்ப்பாட்டைத் தாம் தீர்க்கவில்லை என்று அவர் எண்ணத் தொடங்கினார். 1970களில் நைஜீரியாவின் இபதான் நகரிலுள்ள அனைத்துலக வெப்பமண்டல வேளாண்மை நிலையத்திற் பணியாற்றியபோதும், பின்னர் 2010ஆம் ஆண்டில் மறையும்வரையும், மண்ணை ஓயாது புரட்டாமல், வெட்டிய இலைதழைகளால் மூடிக் காக்கவேண்டும் என்று வலியுறுத்தினார். தாம் ஆக்கிய கருவியைத் தாமே மறுபரிசீலனை செய்யும் துணிவு எல்லாருக்கும் வாய்ப்பதன்று.

2017ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கை, கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. முகமாலை போன்ற இடங்களில் அங்குலம் அங்குலமாகப் புல் வெட்டி நிலத்தை மீட்டவர்களின் உழைப்பினாலேயே நாம் இன்று இயந்திரம் பூட்டி வயலில் இறங்குகிறோம். அப்பர் சுவாமிகள் உழவாரத்தைத் தொண்டாகக் கொண்டார். கைக்கத்தரியோடு மண்டியிட்டவர்கள் செய்ததும் அத்தகைய தொண்டே. அவர்கள் திறந்து தந்த நிலத்தில் அடுத்த முறை புல் வெட்ட இறங்கும்போது, எஞ்சினை முடுக்கும் முன் ஒரு முறை நிலத்தைச் சுற்றி நடந்து வருவோமாக.