நடுக்கடலில் ‘எக்கோ’, ஜி.பி.எஸ் மக்கர் பண்ணினால் முதலில் எங்கே பார்ப்பது? புதிதாக வாங்கும்போது எதைக் கேட்பது?

விடியற்காலை 3 மணி. கரையை விட்டுக் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. எஞ்சினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்ததும் ஜி.பி.எஸ் திரை கறுத்துப் போகிறது. பக்கத்தில் இருக்கும் எக்கோவில் ஆழம் காட்ட வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். ‘மிஷின் போச்சு’ என்று அன்றைய பாட்டை விட்டுவிட்டுக் கரை திரும்புவார்கள். அடுத்த வாரம் கடன் வாங்கிப் புது மிஷின் வரும். சில நாளில் அதுவும் அதேபோலக் கறுத்துப் போகும்.

காரணம் எளிது. சிறு படகுகளில் பெரும்பாலும் பழுதாவது மிஷின் இல்லை. மிஷினுக்கு வரும் கரண்ட், தண்ணீருக்குள் இருக்கும் டிரான்ஸ்டியூசர், திரையில் உள்ள செட்டிங் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் சிக்கல் இருக்கும். இவற்றை வரிசையாகப் பார்த்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம். நடுக்கடலில் வழி தெரியாமல் நிற்கும் ஆபத்தும் குறையும்.

எக்கோ எப்படி வேலை செய்கிறது?

படகின் அடியில் இருக்கும் டிரான்ஸ்டியூசர் ஒலியைக் கீழே அனுப்புகிறது. கடல் நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். தரையிலோ மீன் கூட்டத்திலோ பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டு மிஷின் ஆழத்தைச் சொல்கிறது. 30 மீட்டர் ஆழத்தில் ஒலி போய்த் திரும்ப 0.04 நொடிதான் ஆகும்.

இதில் பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. திரையில் வலது ஓரத்தில் தெரிவது மட்டும்தான் இப்போது படகுக்குக் கீழே இருப்பது. இடது பக்கம் நகர்ந்து போனதெல்லாம் ஏற்கெனவே கடந்துவிட்ட இடம். நடுத்திரையில் மீன் கூட்டம் தெரிந்தால் படகு அதைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

சிக்கல் 1: மிஷின் ஆன் ஆகவில்லை, அடிக்கடி அணைகிறது

முதலில் பேட்டரியைப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி முழுசாக சார்ஜ் ஆகியிருந்தால், சும்மா இருக்கும்போது மல்டிமீட்டரில் சுமார் 12.7 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் கிட்டத்தட்ட காலி.

பேட்டரியில் 12.7 இருந்தும் மிஷின் அணைகிறதா? மிஷினுக்குள் நுழையும் பிளக்கிலும் அளந்து பாருங்கள். அங்கே ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் நடுவில் வயரிலோ இணைப்பிலோ கோளாறு. உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். வயரை முறுக்கி டேப் சுற்றிய இடம்தான் முதல் சந்தேகத்துக்குரிய இடம். அதை வெட்டி எறிந்துவிட்டு, ஈயப்பூச்சு உள்ள வயரை கிரிம்ப் செய்து, சுருங்கும் ரப்பர் குழாய் போட்டு மூடுங்கள்.

எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் நொடியில் மட்டும் அணைந்தால், செல்ஃப் மோட்டார் கரண்ட்டை மொத்தமாக இழுக்கிறது என்று பொருள். எக்கோவுக்கும் ஜி.பி.எஸ்ஸுக்கும் தனியாகச் சின்ன பேட்டரி வைப்பதே இதற்குத் தீர்வு.

கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் எஞ்சின் என்றால் கடலில் சார்ஜ் ஏறாது. வீட்டில் ஏற்றிக்கொண்டு போவதுதான். அப்போது ஒரு கணக்கு போட வேண்டும். மிஷின் ஒரு ஆம்பியர் இழுக்கிறது, பேட்டரி 12 ஆம்பியர் ஹவர் என்று வைத்துக்கொள்வோம். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும். ஆகவே நம்பக்கூடியது 6 மணி நேரம்தான். இரவு முழுக்கத் தங்கும் தொழிலுக்கு இது போதாது.

ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றிப் போட்டால் அடுத்து எரிவது மிஷின். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பதும் அதே செலவைத்தான் வைக்கும்.

சிக்கல் 2: மிஷின் ஓடுகிறது, ஆழம் காட்டவில்லை

படகு நிற்கும்போது சரியாகக் காட்டி, வேகம் எடுத்ததும் தரை மறைந்தால் காரணம் காற்றுக்குமிழி. டிரான்ஸ்டியூசருக்கு அடியில் குமிழி ஓடினால் ஒலி அங்கேயே தடுக்கப்படும். அதைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். இல்லையென்றால் புரொப்பெல்லர் கலக்கும் தண்ணீரிலிருந்து தள்ளி வையுங்கள். பாசி, சிப்பி ஒட்டியிருந்தால் மெதுவாகத் துடைத்தால் போதும், சுரண்டக் கூடாது.

கரையில் இழுத்து ஏற்றும் படகுகளில் இன்னொரு சிக்கல். அடியில் பொருத்தினால் மணலில் தேய்ந்து பிய்ந்துபோகும். இதற்கு இரண்டு வழி. கடலுக்குள் போனபின் பக்கவாட்டில் இறக்கி, திரும்பும்போது தூக்கிவிடும் கம்பியில் கட்டலாம். ஃபைபர் படகு என்றால் உள்பக்கத்திலேயே அடித்தளத்தில் ஒட்டலாம். ஆனால் அடித்தளம் கெட்டி ஃபைபராக இருக்க வேண்டும். நடுவில் ஃபோம், தெர்மாகோல், பலகை இருந்தால் ஒலி போகாது. மரப் படகிலும் இது வேலைக்கு ஆகாது.

ஒட்டும் முன் சோதிக்க ஒரு எளிய வழி: பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் வைத்து, ஈரப்படுத்திய அடித்தளத்தில் அழுத்திப் பிடியுங்கள். ஆழம் சரியாகக் காட்டினால் அந்த இடத்தில் ஒட்டலாம்.

சிக்கல் 3: தப்புத் தப்பாகக் காட்டுகிறது

உண்மை ஆழத்தைப் போல இரண்டு மடங்கு காட்டுகிறதா? ஒலி தரையில் பட்டு, மேலே வந்து, மறுபடி கீழே போய்த் திரும்புகிறது. பாக் நீரிணை போன்ற ஆழமில்லாத கடலில், கெட்டித் தரையில் இது அடிக்கடி நடக்கும். கெயினைக் குறைத்தால் சரியாகிவிடும்.

திரை முழுக்கப் புள்ளி மழை பெய்கிறதா? எஞ்சினை நிறுத்திப் பாருங்கள். புள்ளி நின்றுவிட்டால் எஞ்சின் வயர் டிரான்ஸ்டியூசர் வயரோடு சேர்ந்து ஓடுகிறது, பிரித்துக் கட்டுங்கள். எஞ்சின் நின்றும் புள்ளி வந்தால், பக்கத்துப் படகின் எக்கோவும் அதே அலைவரிசையில் இருக்கலாம்.

அலகையும் பாருங்கள். நம்மவர்கள் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். ஒரு பாகம் 6 அடி, அதாவது சுமார் 1.83 மீட்டர். திரையில் உள்ள 30 என்பது அடியா, மீட்டரா, பாகமா என்று தெரியாமல் வலை இறக்கினால் பாரில் மாட்டிக் கிழியும்.

ஜி.பி.எஸ்ஸில் ஒரு புள்ளி மாறினால் 11 கி.மீ.

இதுதான் மிகக் கவனம் தேவைப்படும் இடம். ஒரே இடத்தை ஜி.பி.எஸ் மூன்று விதமாக எழுதும். டிகிரி மட்டும், டிகிரி-நிமிடம், டிகிரி-நிமிடம்-விநாடி. பக்கத்துப் படகுக்காரர் போனில் ‘9 டிகிரி 15.500 நிமிடம்’ என்று ஒரு இடத்தைச் சொல்கிறார் என்று வையுங்கள்.

அதை நீங்கள் 9 டிகிரி 15 நிமிடம் 50 விநாடி என்று பதிந்தால், சுமார் 600 மீட்டர் தள்ளிப் போவீர்கள். 9.155 டிகிரி என்று பதிந்தால் வித்தியாசம் 6.2 கடல் மைல், அதாவது சுமார் 11.5 கி.மீ.

இந்தியா-இலங்கை கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களில் வரையறுக்கப்பட்டது. ராமேஸ்வரம், தனுஷ்கோடி பக்கம் அந்தக் கோடு சில கடல் மைல் தூரத்திலேயே இருக்கிறது. தண்ணீரில் கோடு எதுவும் தெரியாது, திரையில்தான் தெரியும். அங்கே 6 கடல் மைல் தவறு என்றால் கைது, படகு பறிமுதல் வரை போய்விடும்.

அதனால் ஊரில் எல்லாரும் பயன்படுத்தும் முறையையே உங்கள் ஜி.பி.எஸ்ஸிலும் வையுங்கள். மேப் டேட்டம் டபிள்யூ.ஜி.எஸ் 84 என்று இருக்கிறதா பாருங்கள். எல்லைக்கு முன்பே அலாரம் அடிக்கும்படி செட் செய்யுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஆழம்: 200 கிலோஹெர்ட்ஸ் குறைந்த ஆழத்தில் துல்லியமாகக் காட்டும். 50 கிலோஹெர்ட்ஸ் ஆழத்துக்குப் போகும், ஆனால் விவரம் குறையும். பாக் நீரிணையில் தொழில் செய்பவருக்கு 200 போதும். கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலுக்குப் போகிறவர் இரண்டும் உள்ளதாக வாங்கலாம்.

அகலம்: 20 டிகிரி கோணம் உள்ள டிரான்ஸ்டியூசர், ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அகலத்தைத்தான் பார்க்கும். 30 மீட்டர் ஆழத்தில் சுமார் 10 மீட்டர் வட்டம். அதற்கு வெளியே கூட்டமே இருந்தாலும் திரையில் வராது.

திரை: கடைக்குள் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். உச்சி வெயிலில் வெளியே கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர்த் தடுப்பு: ஐ.பி.எக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். அதற்குக் குறைவானது திறந்த படகுக்கு வேண்டாம்.

வரைபடம்: நம் கடற்கரை வரைபடம் மிஷினில் இருக்கிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வெளிநாட்டு ஏரிகளின் வரைபடத்தோடு வரும் மாடலும் உண்டு.

ஒன்றா, இரண்டா: எக்கோவும் ஜி.பி.எஸ்ஸும் சேர்ந்த மிஷின் விலை குறைவு, இடமும் மிச்சம். ஆனால் கெட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். அப்படி வாங்கினால் கையடக்க ஜி.பி.எஸ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே அணைந்துவிட்டால்?

செல்போனில் டவர் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ் வேலை செய்யும். வரைபடத்தைக் கரையிலேயே டவுன்லோடு செய்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். போனைத் தண்ணீர் புகாத உறையில் வையுங்கள். ஒரு சாதாரண காந்தத் திசைகாட்டியும் படகில் இருக்கட்டும். ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் மட்டும் அது தப்புத் திசை காட்டும்.

முக்கியமான இடங்களை, முகத்துவாரம், பார், வலை விட்ட இடம் எல்லாவற்றையும், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மிஷின் போனால் அதில் பல வருஷமாகச் சேர்த்த புள்ளிகளும் சேர்ந்து போகும். புது மிஷினைக் கடையில் வாங்கலாம், அந்தப் புள்ளிகளை வாங்க முடியாது.

2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்குத் தகவல் சொல்ல வழியில்லாமல் போனது. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழி எச்சரிக்கைக் கருவிகள் பரவலாகப் பேசப்பட்டன. 2019-ல் வந்த ஜெமினி கருவி, புயல் எச்சரிக்கையை ப்ளூடூத் வழியாக போனுக்குத் தரும். ஆனால் அதிலிருந்து நாம் பதில் அனுப்ப முடியாது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரில் இரு பக்கமும் செய்தி அனுப்பலாம், ஆபத்து என்றும் சொல்லலாம். உங்கள் படகுக்குக் கிடைக்குமா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

போன் டவர் கிடைக்கும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய இலவச எண்களை அழைக்கலாம். டவர் இல்லாத இடத்தில் வி.எச்.எஃப் கருவியில் சேனல் 16. அழைத்ததும் முதலில் சொல்ல வேண்டியது நீங்கள் இருக்கும் இடம். அதை டிகிரி, நிமிடத்தோடு சரியாகப் படித்துச் சொல்ல, படகில் போகிற எல்லாருக்கும் கரையிலேயே கற்றுக்கொடுத்து விடுங்கள்.